புதுப்பிப்பு: ஆறு மதிப்பெண்ணில் போன சிஏ இன்டர், மறு தயாரிப்பு

சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டரில், முதல் குரூப்பின் கணக்கியல், சட்டம், வரி ஆகிய மூன்று தாள்களிலும் தேவையான 40-ஐத் தாண்டியும், மொத்தம் 150 வேண்டிய இடத்தில் 144 மட்டுமே எடுத்துத் தோற்றதை முன்பு எழுதியிருந்தேன்; விடைத்தாள் நகலை வாங்கிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

நகல் வந்தது. கம்பெனிச் சட்டத்தில் ஒரு கேள்விக்கு, சட்டம் என்ன சொல்கிறது, இந்த வழக்குக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று எதையும் விளக்காமல், 'செல்லாது' என்று ஒற்றை வரியில் தீர்ப்பெழுதியிருக்கிறேன் (நீதிபதிகூட இவ்வளவு சுருக்கமாக எழுதமாட்டார்). வரித் தாளிலோ, கணக்கு வழிமுறையைக் காட்டாமல் இறுதித் தொகையை மட்டும் எழுதியிருந்தேன்.

கணக்கியலில் 61 எடுத்ததால் அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தத் தாளில் விலக்கு உண்டு; அதை மறுபடி எழுத வேண்டாம், அந்த 61-உம் மொத்தத்தில் சேரும். ஆகவே சட்டத்திலும் வரியிலும் தலா 40-க்குக் குறையாமல், இரண்டிலும் சேர்த்து 89 எடுத்தால் போதும். 2025 முதல் இன்டர் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை நடப்பதால் காத்திருப்பும் குறைவு.

இப்போது மஞ்சக்குப்பத்தில் வேலை முடிந்து திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்ததும், புத்தகத்தைத் திறக்காமல், கடிகாரம் வைத்துத் தினமும் இரண்டு விடைகளை முழுமையாக எழுதுகிறேன். கை வலிக்கிறது.