கேரவன் வெளி டிக்கிக்குப் பெட்டி வாங்கிய அனுபவம்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

சேலத்து வேன்காரர்:

எங்கள் பழைய டிராவலர் வேனைப் போன வருடம் கேரவனாக மாற்றினோம். ஆர்டிஓ ஒப்புதலிலிருந்து உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வரை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். தரைக்குக் கீழே, வெளியிலிருந்து திறக்கும்படி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிக்கியும் வைத்தாயிற்று. அதற்குள் வைக்கும் பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. "கடைவீதியில போய் நாலு டப்பா வாங்கினா ஆச்சு" என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

டிக்கியின் உள்பக்கத்தை டேப் வைத்து அளந்தேன். அகலம் 95 சென்டிமீட்டர், உயரம் 42, ஆழம் 62. அதற்குத் தோதாக 38 சென்டிமீட்டர் உயரத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி நான்கு வாங்கி வந்தோம். வண்டி அருகே கொண்டுபோய் வைத்தால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கதவைச் சுற்றிப் பட்டறைக்காரர் மடித்து விட்டிருந்த சட்டம் மேலே 4, கீழே 3, இரு பக்கமும் நாலரை சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டது. ஆக, வாய் 86க்கு 35தான். நான் அளந்தது வயிற்றை. பெட்டி போக வேண்டியதோ வாய் வழியாக.

அந்த நாலு பெட்டியும் இப்போது வீட்டில் அரிசி, பருப்பு வைக்கப் பயன்படுகின்றன. மறுபடி வாங்குவதற்குமுன் ஒரு வேலை செய்தேன். மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டி வாங்கி வந்து, வேண்டிய அளவுக்கு வெட்டி ஒட்டி, அதை டிக்கிக்குள் நுழைத்துப் பார்த்தேன். நுழைந்தால் மட்டும் போதாது. கை உள்ளே போய்ப் பிடித்து இழுக்க வேண்டும், கதவின் கீல் தட்டக் கூடாது, கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் தண்டு மடங்கும்போது பெட்டியின் மூலையில் இடிக்கக் கூடாது. அட்டையில் செய்து பார்த்தால் பத்து பைசா செலவில்லாமல் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

கடைசியில் வாங்கியது 60க்கு 40, உயரம் 32 சென்டிமீட்டர் உள்ள தொழிற்சாலை கிரேட். பக்கச் சுவர் நேராக நிற்கும். வீட்டு உபயோகப் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வசதியாக அடியில் குறுகிக்கொண்டே போகும். அதில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இடம் வீண். கிரேட்டின் 40 சென்டிமீட்டர் பக்கம் நம்மைப் பார்த்து இருக்கும்படி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் தள்ளினால் 80 ஆகிறது, 86 வாய்க்குள் தாராளமாகப் போகிறது. உள்ளே இரண்டு ஓரத்திலும் மீதியாகும் சந்தில் மடக்கு நாற்காலிகள் நிற்கின்றன.

இன்னொன்று. கீழே 3 சென்டிமீட்டர் சட்டம் இருப்பதால் உள்ளே இறங்கிய பெட்டியை ஒவ்வொரு முறையும் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தரையில் 3 சென்டிமீட்டர் கனத்தில் மூன்று மர ரீப்பர் போட்டேன். இப்போது பெட்டி சட்டத்தின் மட்டத்திலேயே நிற்கிறது, இழுத்தால் அலமாரி டிராயர் போல வருகிறது. மழைத் தண்ணீர் கசிந்தாலும் ரீப்பருக்கு இடையில் ஓடி மூலையிலுள்ள துளை வழியாக வெளியேறிவிடும்.

மலைப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்? ஏற்காட்டுக்கு அடிக்கடி போகிறோம், அதனால் கேட்கிறேன்.

ஓமலூர் ஓட்டுநர்:

தம்பி, நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். அஸ்தம்பட்டி தாண்டி, பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வாசல் வளைவைப் பார்த்துக்கொண்டே அடிவாரம் போய், இருபது கொண்டை ஊசி வளைவு எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று கணக்கே இல்லை. ரீப்பர் யோசனை நல்லது. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சட்டம்தான் பெட்டிக்கு அணை. அதை மட்டமாக்கிவிட்டால் வளைவில் பெட்டியின் பாரம் முழுக்கக் கதவின்மேல்தான் சாயும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏறும்போது ஒரு வளைவில் வண்டி இடப்பக்கம் திரும்ப, வலப்பக்க டிக்கியில் இருந்த கறுப்புப் பெட்டி சறுக்கி வந்து கதவில் மோதியது. உள்ளே ஜாக்கி, ஸ்பேனர், இரண்டு கேன் தண்ணீர். தாழ்ப்பாள் பழசு. "டங்" என்ற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் கதவு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, பெட்டி ரோட்டில் கிடக்கிறது, ஒரு கேன் உருண்டு கீழ் வளைவை நோக்கிப் போகிறது. பின்னால் ஒரு குடும்பம் பைக்கில் வந்துகொண்டிருந்தது, சின்னக் குழந்தை முன்னால் உட்கார்ந்திருந்தது. அவர் சமாளித்து ஓரமாக நிறுத்திவிட்டார். இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து மூன்று பழக்கம். டிக்கியின் பின்சுவரில் கொக்கி அடித்துப் பெட்டியை பெல்ட் போட்டுக் கட்டுவேன், கதவை நம்பமாட்டேன். ரீப்பர்மேல் ரப்பர் ஷீட் ஒட்டியிருக்கிறேன். டிராயர் போல வழுக்கி வராது, கொஞ்சம் பலம் கொடுத்து இழுக்க வேண்டும், பரவாயில்லை. அப்புறம், பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் சந்து விடமாட்டேன். பழைய ஜமுக்காளத்தைச் சுருட்டிச் செருகினாலும் போதும். நகர இடம் இருந்தால்தானே நகரும்?

கனமான சாமானை ஒரே பெட்டியில் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அளவு கிரேட்டில் இரும்புச் சாமானை நிரப்பினால் ஒரு ஆள் தூக்க முடியாது. கருவிக்கென்று சின்னதாக ஒரு பெட்டி, அதுவும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தாழ்வாக. பின் கோடியில் பாரம் ஏற்றினால் இறக்கத்தில் வண்டி பின்னால் அலையும்.

அம்மாபேட்டை அக்கா:

அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கும் மனசு பதறிவிட்டது. நல்லவேளை.

என்னுடையது வேறு மாதிரி அனுபவம். தண்ணீரோ தூசியோ போகக் கூடாது என்று, ரப்பர் வளையமும் நான்கு கிளிப்பும் உள்ள காற்றுப் புகாத பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். மாமியாருக்கு மூட்டு வலி. அவர் மருந்து, வெந்நீர்ப் பை, கம்பளி எல்லாம் அதில். ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கினோம். கிளம்பும் காலையில் எல்லாம் அடுக்கி, கிளிப்பை அழுத்திப் பூட்டிக் கொண்டுவந்தேன். சேலம் வந்து திறந்தால் மூடி வரவில்லை. கிளிப் நான்கும் கழன்றுவிட்டன, மூடி மட்டும் நடுவில் குழிந்து, பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அத்தை வலியோடு உட்கார்ந்திருக்கிறார், நான் கத்தியை வைத்து நெம்புகிறேன். ரப்பர் ஓர் இடத்தில் விலகியதும் "உஸ்" என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. பிறகு மூடி தானே வந்துவிட்டது.

பத்தாம் வகுப்புக்குப் பௌதிகம் எடுக்கும் என் தங்கைதான் விளக்கினாள். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். மேலே காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு போலக் குறைவு. அங்கே மூடிய பெட்டிக்குள் மலைக் காற்று. கீழே வந்தால் சமவெளிக் காற்று வெளியிலிருந்து மூடியை அமுக்குகிறது. கொஞ்சமும் கசியாத பெட்டி என்றால், 40க்கு 30 சென்டிமீட்டர் மூடியின்மேல் நூறு கிலோவைத் தாண்டிய பாரம் உட்கார்ந்த மாதிரி. மலைக்குப் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அதன் மறுபக்கம்தான் இது. இப்போது ஏறும் முன்பும் இறங்கும் முன்பும் ஒரு கிளிப்பைத் தளர்த்தி வைக்கிறேன். மருந்து வெளி டிக்கிக்குப் போவதே இல்லை, என் கைப்பையில்தான்.

இன்னொரு விஷயம் எல்லோருக்கும். குடிதண்ணீர் பிடிக்கும் பைப்பையும் கழிவு வெளியேற்றும் பைப்பையும் ஒரே பெட்டியில் சுருட்டி வைக்காதீர்கள். எங்கள் வண்டியில் தண்ணீர்ப் பைப் நீலப் பெட்டி, வலது டிக்கி. கழிவுப் பைப் கறுப்புப் பெட்டி, இடது டிக்கி. கையுறையும் அந்தக் கறுப்பிலேயே. என் பையன் ஆறாவது படிக்கிறான், அவனுக்குக்கூட மாறாது.

காபிக்காடு:

ஏற்காட்டில் இருக்கிறேன். எங்களிடம் காபி, மிளகு. கேரவன் கிடையாது, ஜீப் பின்னால் இழுக்கும் டிரெய்லரில் பெட்டி அடித்து வைத்திருக்கிறேன். சிரமம் ஒன்றேதான்.

இங்கே பெட்டியைக் கெடுப்பது மழையைவிட ஈரக் காற்று. மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். நனைந்த தார்ப்பாயை மடித்து மூடி போட்ட பெட்டியில் வைத்து, நாலு நாள் மறந்துவிட்டேன். திறந்தபோது சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்து, மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் தொங்கியது. தார்ப்பாயின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்த வாடை துவைத்தும் போகவில்லை. காபிக்கொட்டையைச் சாக்கில்தான் வைப்போம், மூச்சு விட வேண்டும் என்பார் எங்கள் தாத்தா. அதே கணக்குத்தான். தார்ப்பாய், கயிறு, பைப், கால்மிதி போல நனைந்து திரும்பும் சாமான் எல்லாவற்றுக்கும் பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை உள்ள பழக் கிரேட். உங்கள் ஊரில் மாம்பழ சீசன் முடிந்ததும் பழைய கிரேட் கிடைக்கும், கழுவி வெயிலில் காய வைத்து எடுத்துக்கொள்ளலாம். வெயிலில் பல வருடம் கிடந்ததாக இருந்தால் வேண்டாம். விளிம்பை விரலால் வளைத்துப் பாருங்கள், வெளிறிப்போய் நொறுங்கினால் அது மலைப் பாதையின் குலுக்கலைத் தாங்காது. பால் கம்பெனி முத்திரை போட்ட டப் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், அது அவர்கள் சொத்து.

போர்வை, துணி, மின்சாரச் சாமானுக்குத்தான் மூடிய பெட்டி. அதையும் மேலே வந்ததும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.

குரங்கு பற்றி யாரும் சொல்லவில்லையே? மலைப் பாதையில் வண்டி நிறுத்தி டிக்கியைத் திறந்தால் எங்கிருந்தோ வந்துவிடும். போன மாதம் ஒரு சென்னைக் குடும்பம் டிக்கிப் பெட்டியில் வாழைப்பழமும் முறுக்கும் வைத்திருந்தார்கள். ஒரு தாய்க் குரங்கு குட்டியை வயிற்றில் தொங்கவிட்டபடியே பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது. அந்த அம்மா பயந்து நகர்ந்தார்கள், அவ்வளவுதான், முறுக்கு மரத்துக்குப் போய்விட்டது. தின்பண்டம் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். நமக்காக மட்டும் சொல்லவில்லை, கைச்சோற்றுக்குப் பழகிய குரங்கு ரோட்டிலேயே உட்கார்ந்து அடிபட்டுச் சாகிறது.

அழகாபுரம் புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி இப்போதுதான் பட்டறையில் இருக்கிறது. கேஸ் சிலிண்டரையும் ஒரு பெரிய பெட்டியில் இறக்கி மூடி வைத்துவிடலாமா? ஆடாமல் இருக்குமே. அப்புறம், மூடி உள்ள கிரேட்டா, இல்லாததா?

ஓமலூர் ஓட்டுநர்:

தம்பி, சிலிண்டருக்குப் பெட்டியே வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மூடிய பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். அதற்குத் தனி அறை, தரையில் வெளியே திறக்கும் ஓட்டை, நிமிர்த்தி வைத்துக் கட்ட இரும்பு வளையம். பேட்டரி அந்த அறையில் இருக்கவே கூடாது, ஒரு பொறி போதும். பட்டறையில் இருக்கும்போதே இதைச் சொல்லிச் செய்து வாங்கிவிடுங்கள்.

சேலத்து வேன்காரர்:

அண்ணே, உங்கள் பதிவைப் படித்த அன்றே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொக்கி அடித்து வந்தேன். பக்கத்துக்கு இரண்டு. ரப்பர் ஷீட்டும் ஒட்டியாயிற்று. ரொம்ப நன்றி.

அழகாபுரம் நண்பருக்கு: நான் மூடி இல்லாமல்தான் வைத்திருக்கிறேன். பெட்டிக்கு மேலே டிக்கியின் கூரை இருக்கிறது, அதுவே மூடி. மூடி போட்டால் உயரம் 2, 3 சென்டிமீட்டர் கூடும். ஒரு கயிறு எடுக்கக்கூட முழுப் பெட்டியையும் வெளியே இழுக்க வேண்டும். தூசி வருகிறது என்றால் கதவின் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் பீடிங் பிடிக்கவில்லை. எங்கள் வண்டியில் கீல் பக்கம் முழுவதும் அப்படித்தான் இருந்தது.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதுவதை, கதவைத் திறந்தால் நம்மைப் பார்க்கும் பக்கத்தில் எழுதுங்கள்.

அக்கா சொன்ன பிறகு மூடிய பெட்டி ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டோம், போர்வைக்கு. போன ஞாயிறு மேலே போனோம். ஏரிக்கரைக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு அப்பா அந்தப் பெட்டியின் கிளிப்பைத் தளர்த்தினார். லேசாகக் காற்று வெளியேறும் சத்தம் வந்தது. "இங்க பாரு, கேட்டுச்சா?" என்று அம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு முறை மூடித் திறந்து காட்டினார். இரண்டாம் முறை வரவில்லை. இறங்கும்போது நானே தளர்த்திவிட்டேன். இருபது வளைவிலும் டிக்கியிலிருந்து சத்தமே இல்லை. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தபோது நாற்காலிகூட வைத்த இடத்தில்தான் இருந்தது.