அடுத்தவர் பேச்சுக்குள் நுழையக் கற்றுக்கொடுத்தவர்

நாடகக் கலைஞர்களால் நமக்குக் கிடைத்த அனுபவங்களைப் பேசும்போதெல்லாம் என் நினைவுக்கு முதலில் வருபவர் அமெரிக்க நடிகையும் நாடக ஆசிரியருமான அன்னா டெவீர் ஸ்மித். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்து அவர் நடிப்பைப் பார்த்தேன், பிறகு அவர் எழுதியதைத் தேடிப் படித்தேன், அவ்வளவுதான். ஆனால் பாஸ்டன் பக்கத்தில் ஒரு வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இத்தனை வருடங்களில் உண்மையான ஆசிரியராக இருந்தவர் அவர்தான்.

2016ஆம் ஆண்டு கோடை முடிகிற சமயம், பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் உள்ள அமெரிக்கன் ரெபர்ட்டரி தியேட்டரில் அவருடைய 'நோட்ஸ் ஃப்ரம் தி ஃபீல்டு' நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் சின்னத் தவறுக்குத் தண்டனை பெறும் ஏழைப் பிள்ளைகள், அதிலும் கறுப்பின, லத்தீன, பூர்வகுடிப் பிள்ளைகள், எப்படிப் படிப்படியாகச் சிறைக்குப் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் விஷயம். இதற்காக அவர் 250க்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி கண்டிருந்தார். அந்தப் பேட்டிகளிலிருந்து தேர்ந்தெடுத்த சிலரை மேடையில் அவர் ஒருவரே நடித்தார். துணைக்கு டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்தபடி மார்கஸ் ஷெல்பி மட்டும் இருந்தார்.

அப்போது அவருக்கு 65 வயது. வடக்கு கலிஃபோர்னியாவின் யூரோக் பழங்குடியைச் சேர்ந்த, சிறை சென்று மீண்ட ஒரு மீனவரை அவர் நடித்தபோது, வேடம் என்று பெரிதாக எதுவும் மாறவில்லை. தோளை அகட்டினார், கழுத்தைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார், குரலை மார்புக்குள் இறக்கினார். எனக்கு எதிரே ஒரு பெரிய ஆள் நின்றிருந்தார். அடுத்த சில நிமிடங்களில் அதே உடம்பில் பால்டிமோர்க்காரர் ஒருவர் வந்துவிட்டார். 2015 ஏப்ரலில் ஃபிரெடி கிரே என்ற இளைஞரைப் போலீஸார் கைது செய்ததைக் கைப்பேசியில் படமெடுத்தவர் அவர். ஃபிரெடி கிரே ஒரு வாரத்தில் இறந்துபோனார். பால்டிமோர் ஸ்மித்தின் சொந்த ஊர். 1950இல் அங்கே பிறந்து, ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக வளர்ந்தவர். தாயார் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு பாடுபட்டு ஒரு நாடகம் செய்ய அவருக்குக் காரணம் இருந்தது.

அன்று எதிர்பாராத ஒன்று நடந்தது. முதல் பகுதி முடிந்ததும் பார்வையாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து அரங்கின் வெவ்வேறு இடங்களுக்கு அழைத்துப் போனார்கள். நாடகத்தின் இரண்டாம் அங்கமே அதுதான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவர் பேச்சை நடத்திக்கொடுத்தார். பார்த்ததை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. என் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். தான் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிய மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. என் முறை வந்தபோது, நான் படித்த ஊரில் நடந்ததைச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே படிப்பு வராத பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அப்படித்தான் போனாள். அதுவரை அதை யாரிடமும் நான் ஒரு அநியாயமாகச் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு எல்லோரும் இருக்கைக்குத் திரும்பினோம், நாடகம் தொடர்ந்தது. கறுப்பின உரிமைப் போராளியும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லூயிஸாக ஸ்மித் பேசியபோது அரங்கில் பலர் அழுதுகொண்டிருந்தார்கள். 2013இல் மான்ட்கோமரி நகரத்துப் போலீஸ் தலைவர், 1961இல் அவரையும் தோழர்களையும் அங்கே ஒரு கும்பல் அடித்தபோது போலீஸ் காக்கத் தவறியதற்காக லூயிஸிடம் மன்னிப்புக் கேட்டு, தன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றிக் கொடுத்த கதை அது.

அதன் பிறகுதான் இந்த மனுஷி எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நடிப்பு கற்க சான் ஃபிரான்சிஸ்கோவின் அமெரிக்கன் கன்சர்வேட்டரி தியேட்டரில் சேர்ந்திருக்கிறார். அங்கே ஷேக்ஸ்பியர் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். ஏதாவது பதினான்கு வரிகளை எடுத்துக்கொள்ள வேண்டும், ஏதோ ஒன்று நிகழும்வரை அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஸ்மித்துக்கு அமைந்தது 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் அரசி மார்கரெட் சாபமிடும் பகுதி. இரவெல்லாம் சொல்லச் சொல்ல, அந்த அரசியே கண்முன் வந்து நின்றதுபோல இருந்தது என்கிறார். சிறுவயதில் தாத்தா சொன்ன ஒன்றும் அப்போது அவருக்குப் பொருள் விளங்கியிருக்கிறது: ஒரு சொல்லை வேண்டிய மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால் அது நீயாகிவிடும் என்று தாத்தா சொல்லியிருந்தார். மந்திரம் உருவேற்றிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் நாடகப் பள்ளியில் பொதுவாகச் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர்மாறு. உனக்குள் தேடு, உன் துக்கத்தை நினைத்துப் பார், அதைப் பாத்திரத்துக்குக் கொடு என்பார்கள். ஸ்மித் இதை ஏற்கவில்லை. என்னை வைத்தே எல்லோரையும் அளந்தால், என்னைப் போல இல்லாதவரை நான் எப்படி அடைவேன் என்பது அவர் கேள்வி. ஆசிரியராக ஆனபிறகு, தொலைக்காட்சிப் பேட்டிகளை எழுத்துக்கு எழுத்து எடுத்து மாணவர்களிடம் கொடுத்து நடிக்கச் சொன்னார். மொழியியல் அறிந்த ஒருவரிடம், ஆட்களை உண்மையாகப் பேசவைக்க வழி என்ன என்று கேட்டபோது மூன்று கேள்விகள் கிடைத்தன. சாவின் விளிம்புவரை போனதுண்டா? செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்ததுண்டா? நீங்கள் பிறந்த சூழ்நிலை தெரியுமா? ஒரு டேப் ரிக்கார்டரும் இந்தக் கேள்விகளுமாக, 1980களின் தொடக்கத்தில் அவர் ஆட்களைத் தேடிக் கிளம்பினார். நடிகை நாடகம் எழுதத் தொடங்கியது இப்படித்தான்.

1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் யூத மதகுருவின் வாகன வரிசையில் வந்த கார் மோதி, கேவின் கேட்டோ என்ற ஏழு வயதுக் கறுப்பினச் சிறுவன் இறந்தான். சில மணி நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த யாங்கெல் ரோசன்பாம் என்ற யூத ஆய்வாளர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். நாள்கணக்கில் கலவரம். ஸ்மித் இரண்டு தரப்பிடமும் போனார். 1992இல் மேடையேறிய 'ஃபயர்ஸ் இன் தி மிர்ரர்' நாடகத்தில் 26 பேரை அவர் ஒருவரே நடித்தார்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கலவரத்தைப் பற்றியதே இல்லை. யூதக் குடும்பப் பெண்மணி ஒருவர் வீட்டுக் கதை சொல்கிறார். மத விதிப்படி, வாராந்திர ஓய்வுநாளில் அவர்கள் மின்சாதனங்களைத் தொடக்கூடாது. குழந்தை வானொலியைத் தட்டிவிட்டது, அது கரகரவென்று இரைகிறது, நிறுத்த வழியில்லை. அடுத்தவரை நேரடியாகக் கேட்கவும் கூடாது. தெருவில் போன கறுப்பினச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, ஜாடையாகச் சொல்லி, அவன் வந்து நிறுத்திவிட்டுப் போகிறான். ஒரு வானொலியைக்கூட நிறுத்தத் தெரியாதவர்கள் என்று அவன் நினைத்திருப்பான் என்று சொல்லி அவர் சிரிக்கிறார். ஒரே தெருவில் வாழும் இரண்டு கூட்டத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்துவிடுகிறது. இதைக் கற்பனையால் எழுதியிருக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

நாடகம் முடிவது சிறுவனின் தந்தை கார்மெல் கேட்டோவின் பேச்சோடு. கயானாவிலிருந்து வந்தவர். மகனை இழந்த துயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவர், தான் கால் முதலில் வந்து பிறந்தவன் என்றும், அப்படிப் பிறந்தவன் தனிப்பிறவி என்றும், தன்னை யாரும் அடக்கிவிட முடியாது என்றும் சொல்கிறார். எங்கள் ஊரில் முதுகு பிடித்துக்கொண்டால் காலால் பிறந்தவரைத்தான் தேடிப் போவோம், அவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். எங்கோ கயானாவில் பிறந்த ஒரு தகப்பன் தன் பிறப்பின் மேல் வைத்திருந்த நம்பிக்கை எனக்கு முன்பே தெரிந்த ஒன்றாக இருந்தது.

அடுத்தது 1993இல் லாஸ் ஏஞ்சலஸின் மார்க் டேப்பர் ஃபோரம் அரங்கில் வந்த 'ட்வைலைட்'. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் 1992 ஏப்ரலில் வெடித்த கலவரம் அதன் களம். கடையை இழந்த கொரியப் பெண்மணி முதல் போலீஸ் உயரதிகாரி வரை அதில் உண்டு. இந்த நாடகத்தை, இதன் மொழி ஆசிரியரின் கற்பனையில் பிறந்ததல்ல என்று காரணம் காட்டிப் புலிட்சர் பரிசுக்குத் தகுதியற்றதாக ஒதுக்கினார்கள். முந்தைய நாடகம் அதே பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது. நூற்றுக்கணக்கான மணிநேரப் பேச்சிலிருந்து எந்த நான்கு நிமிடம் என்று பொறுக்குவதும், எதன் பின்னால் எதை வைப்பது என்று முடிவெடுப்பதும் எழுத்து இல்லையென்றால் வேறு எது எழுத்து?

இன்னொரு குறையும் சொல்வார்கள்: இது வெறும் மிமிக்ரி என்று. மிமிக்ரி செய்பவர் நமக்குத் தெரிந்த ஒருவரின் வெளித்தோற்றத்தைப் பிடித்து நம்மைச் சிரிக்கவைப்பார். ஸ்மித் தேடுவது வேறு. சரளமாகப் பேசிக்கொண்டே வரும் ஒருவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார், எந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறார் என்று பார்க்கிறார். ஆள் அங்கேதான் வெளிப்படுகிறார் என்பது அவர் கண்டது. தொலைக்காட்சியில் 'தி வெஸ்ட் விங்', 'நர்ஸ் ஜாக்கி' தொடர்களில் அவரைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். ஸ்டான்ஃபோர்டிலும் பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் அவர் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

எங்கள் பள்ளியில் நான் செய்வதைச் சொல்கிறேன். கோடையில் பல வீடுகளுக்கு ஊரிலிருந்து தாத்தா பாட்டி வருவார்கள். பிள்ளைகள் அவர்களைக் கைப்பேசியில் பதிவுசெய்ய வேண்டும். 'ம்', இருமல், பெருமூச்சு எதையும் விடாமல் எழுத வேண்டும். பிறகு தாளைப் பார்க்காமல், காதில் கேட்டுக் கேட்டே மனத்தில் ஏற்ற வேண்டும். வேடம் கிடையாது, ஒரே ஒரு பொருள் வைத்துக்கொள்ளலாம். மேடையில் செய்வதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் நடித்துக்காட்டி அனுமதி பெற்றாக வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சாவைப் பற்றிய கேள்வியைப் பிள்ளைகள் கேட்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். மற்ற இரண்டும் அள்ளிக் கொடுக்கின்றன. தாத்தா ஒருவர் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த நேரத்தில் ராமநாதபுரம் பக்கத்தில் பிறந்தவர். தன் தாய் அந்த இரவை எப்படிக் கழித்தாள் என்பதை அவர் தன் மகனிடம்கூடச் சொன்னதில்லை, பேரன் கேட்டதும் சொல்லிவிட்டார்.

திருநெல்வேலிப் பாட்டி ஒருவர், ஐந்தாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க அப்பா" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் ஊறும் என்று பேசப் போய்விட்டார். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அந்த இடத்தை வெட்டிவிட்டுக் கதையை மட்டும் சொல்லலாமா என்று கேட்டாள். வேண்டாம், அங்கேதான் உன் பாட்டி இருக்கிறார் என்றேன். அவள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினாள். ஒருநாள் வகுப்பில் "அது கிடக்கட்டும்" என்று சொல்லும்போது, கையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை அவளையறியாமல் மூடினாள். அது பதிவில் இல்லாத அசைவு. பாட்டியிடம் நடித்துக்காட்டியபோது அவர் முதலில் சிரித்தார், நான் இப்படியா இழுத்து இழுத்துப் பேசுகிறேன் என்று கேட்டார். பிறகு, தன் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைப் பேத்திக்கு மட்டும் சொன்னாராம். அதை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். நாங்கள் கொண்டுவரவில்லை.

விழாவுக்கு முன் சில பெற்றோர் எதிர்த்தார்கள். பிள்ளைகள் நல்ல தமிழ் கற்கத்தானே வருகிறார்கள், வட்டார வழக்கும் பாதி வாக்கியமும் எதற்கு என்றார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பாட்டியின் வாக்கியத்தைத் திருத்தினால் மேடையில் நிற்பவர் பாட்டியாக இருக்கமாட்டார். விழாவில் வழக்கமான வரலாற்று நாடகத்தையும் வைத்துக்கொண்டோம், இதையும் வைத்தோம். எதிர்த்தவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டு தன் மாமியாரைப் பதிவுசெய்யத் தானே மகனுக்கு உதவினார்.

ஸ்மித்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், 1993இல் ஜார்ஜ் சி. வுல்ஃப் இயக்கத்தில் தொலைக்காட்சிக்காகப் படமான 'ஃபயர்ஸ் இன் தி மிர்ரர்' கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். 'நோட்ஸ் ஃப்ரம் தி ஃபீல்டு' 2018இல் எச்பிஓ படமாக வந்திருக்கிறது. முதலில் வானொலிப் பெண்மணியைப் பாருங்கள், பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பிறந்த கதையைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதை இங்கே எழுதினால், என் பிள்ளைகளுக்கு வகுப்பில் படித்துக்காட்டுவேன்.