கிராம சபைக்கு யார் வருகிறார்கள், ஓட்டுப் போட யார் வருவதில்லை: உங்கள் அனுபவம்?

வேப்பமரத்தடி
எங்கள் ஊரில் கிராம சபை என்றாலே நூறு நாள் வேலைக்காரங்க கூட்டம் என்று ஒரு இளக்காரம். 3,000 பேருக்குள் இருக்கிற ஊராட்சி, கூட்டம் செல்லக் குறைந்தது 100 பேர் (கோரம்) வேண்டும், அதனால் வேலைத்தளத்திலேயே "நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார்கள். அக்டோபர் 2 கூட்டத்திலும் அப்படித்தான், வருகைப் பதிவேடு முதலில் சுற்றி வந்தது, தீர்மானப் புத்தகம் மேசைமேல் மூடியே கிடந்தது. கிளார்க் வரவு செலவை மளமளவென்று வாசித்துக்கொண்டு போனார். நடுவில் ஒரு அக்கா எழுந்து, "தொட்டி கழுவினதுக்குன்னு ஏதோ படிச்சீங்களே, அதைத் திரும்பப் படிங்க சார், எப்ப கழுவினீங்க?" என்று கேட்டார். கூட்டத்தைப் பார்வையிட வந்த அரசு அலுவலரான பற்றாளர் கிளார்க்கைப் பார்க்கிறார், கிளார்க் தலைவரைப் பார்க்கிறார். பக்கத்தில் இருந்த பெண்கள் தெருவிளக்கையும் இழுத்துவிட்டார்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் மிச்சப் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே நேரம் ஊர் வாட்ஸப் குழுவில் தினமும் அரசியல் சாக்கடை என்று எழுதுகிற பட்டதாரித் தம்பிகள் எதிர் டீக்கடையில்தான் இருந்தார்கள். கூப்பிட்டால், "அங்க வந்து என்ன ஆகப்போகுது மாமா?" 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு கூட்டம் என்று ஆக்கினார்கள், இவர்களுக்கு அறுபது வைத்தாலும் அதே பதில்தான் வரும். தொட்டி கழுவியாகிவிட்டது, தெருவிளக்கு இன்னும் எரியவில்லை.

மூன்றாவது மாடி
சென்னையில் இன்னும் மோசம். 2021 நவம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கவுன்சிலர் என்று ஒருத்தர் இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாமே என்று அடுக்குமாடி முழுக்கப் புலம்பல் (2016-க்குப் பிறகு அதுவரை மாநகராட்சியில் கவுன்சிலரே கிடையாது). மூன்றே மாதத்தில், 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் வந்தது. சனிக்கிழமை வேறு. பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சென்னையில் பதிவானது 43.59 சதவீதம். ஓட்டுப் போடாதவர்தான் இப்போது குப்பை வண்டி வரவில்லை என்று என்னிடம் கவுன்சிலர் நம்பர் கேட்கிறார்!

பனியன் ஊர்க்காரன்
ஓட்டுப் போடாதவன் எல்லாம் அக்கறை இல்லாதவன் இல்லைங்க. எனக்கு ஓட்டு ராமநாதபுரத்தில், பிழைப்பு திருப்பூரில். 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலுக்குச் சம்பளத்தோடு லீவு தரணும்னு சட்டம் இருக்கு. நான் வேலை பார்த்த இடத்தில் லீவு உண்டு, சம்பளம் கிடையாது. போக வர பஸ் செலவு, இரண்டு நாள் கூலி எல்லாம் கணக்குப் பார்த்துப் போகாமல் விட்டேன். சரி, இங்கேயே பெயரை மாற்றிக்கலாம் என்று படிவம் 8 எடுத்தால் இருப்பிடச் சான்று கேட்கிறார்கள், வீட்டுக்காரரோ வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டேன் என்கிறார். வேறு எதைக் காட்டலாம் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்க.