கால்வாய்க்கரை இகுவானாவுக்குச் செம்பருத்தி கொடுப்பது தப்பா?

கால்வாய்வாசி:
ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேலில் கால்வாயை ஒட்டி வீடு, குடிவந்து மூன்று வருடம். பின்பக்கப் படகுத்துறையில் தினமும் ஒன்பது மணி வாக்கில், பலகையில் வெயில் விழுந்ததும், ஒரு பெரிய ஆண் இகுவானா (பச்சைப் பல்லி இனம்) ஏறி வந்து படுக்கும். வாலோடு சேர்த்து நாலரை அடி இருக்கும். கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தாயிற்று, ஏனென்றால் வந்ததும் தலையை மேலும் கீழுமாக நாலு தடவை ஆட்டி, எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற தோரணை. முதல் வருடம் என்னைக் கண்டாலே தொப்பென்று தண்ணீரில் குதித்துவிடுவார். இப்போது ஆறடி தள்ளி நான் காபியோடு உட்கார்ந்தால் கண்டுகொள்வதில்லை, செம்பருத்திப் பூ வைத்தால் வந்து தின்கிறார், நடுவில் ஒரு தும்மல், மூக்கிலிருந்து உப்பு தெறிக்கும்.

அனுபவத்தில் கற்றது ஒன்று: நின்றபடி மேலிருந்து கையை நீட்டக்கூடாது. உச்சந்தலையில் மூன்றாவது கண் மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான். பருந்து என்று நினைத்து வாலைச் சாட்டை மாதிரி வீசிவிட்டது, என் முழங்காலுக்குக் கீழே இன்னும் கோடு இருக்கிறது. தரையோடு உட்கார்ந்து பக்கவாட்டில் நகர்ந்தால் பயப்படுவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இகுவானா பிடிக்கிற ஆளைக் கூப்பிடப் போவதாகச் சொல்கிறார். எனக்கு மனசே வரவில்லை. இப்படிப் பழக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சுவர்க்காரன்:
பழக்கியவன் இல்லை, பணம் கட்டியவன். எங்கள் வீடும் கால்வாய்க் கரைதான். பெண் இகுவானா பிப்ரவரி, மார்ச்சில் முட்டையிட இடம் தேடும், சீவாலுக்கு, அதாவது கால்வாய்க்கரைத் தடுப்புச் சுவருக்கு, பின்னால் இருக்கிற மண் அதற்கு வெண்ணெய் மாதிரி. ஒன்று தோண்டிய வளையில் இன்னொன்று கிளை பிரிக்கும். மழைத் தண்ணீர் அதில் இறங்கி மண்ணை அரித்துக் கால்வாய்க்கு இழுத்துக்கொண்டு போகும், மேலே புல் பச்சைப்பசேலென்று இருப்பதால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பார்பிக்யூ அடுப்பைத் தள்ளிக்கொண்டு போனேன், தளக்கல் ஒன்று அப்படியே உள்ளே போயிற்று. பன்னிரண்டாயிரம் டாலர் செலவு. நான் சின்ன ஆள், வெஸ்ட் பாம் பீச்சில் ஒரு அணைக்கட்டையே இவை தோண்டி, பழுதுபார்க்க 18 லட்சம் டாலர் ஆயிற்று என்று 2020இல் செய்தி வந்தது. அதற்கு நீங்கள் பூ வைக்கிறீர்கள்.

கால்வாய்வாசி:
என் வீட்டுக்கு வருவது ஆண். ஆண் முட்டையிடுமா அண்ணா?

சுவர்க்காரன்:
அக்டோபர், நவம்பரில் உடம்பெல்லாம் ஆரஞ்சு நிறம் ஏறி, தாடைத்தொங்கலை விரித்துக்கொண்டு தலையாட்டியிருக்குமே, அது உங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிறது, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் சேர்த்து. ஒரு பெண் ஒரு ஈட்டுக்கு 14 முதல் 76 முட்டை வரை இடும். கணக்குப்பிள்ளையிடம் கணக்குக் கேளுங்கள்.

கீரைத்தோட்டம்:
ஹோம்ஸ்டெட்டிலிருந்து. தண்டுக்கீரை முளைவிட்ட மறுநாள் காலி, எனக்கும் கோபம் உண்டு. ஆனால் இது தானாக வந்த பிராணியா? மத்திய, தென் அமெரிக்காவில் இருந்ததைச் செல்லப்பிராணி வியாபாரத்தில் கொண்டுவந்தார்கள். கைக்குள் அடங்குகிற குட்டியாக வாங்கி, ஐந்தடி ஆனதும் கால்வாயில் விட்டவர்கள் எத்தனை பேர். 1960களிலேயே மியாமியை ஒட்டிய ஹயலியா, கோரல் கேபிள்ஸ் பக்கம் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. தப்பு செய்தவன் மனுஷன், பல்லியைச் சுடுகிறோம். அப்புறம் ஒரு வேண்டுகோள், ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இதைப் பார்த்ததும் உடும்பு என்கிறார்கள். உடும்பு மாமிசம் தின்னும், இது இலை, பூ, காய் தின்கிற ஜீவன்.

சுவர்க்காரன்:
யார் கொண்டுவந்தால் என்ன, சுவர் என்னுடையது. அது தின்கிற இலையைப் பற்றியும் சொல்லுங்களேன். மியாமி புளூ என்று அழிந்துகொண்டிருக்கிற ஒரு பட்டாம்பூச்சி, அதன் புழு வளர்கிற கழற்சிச் செடியையும் இது மேய்கிறது. சைவம் என்பதால் சாது ஆகிவிடாது.

தீவுக்காரி:
நான் கரீபியன் தீவான கிராண்ட் கேமனில் வேலை பார்க்கிறேன். இங்கே 2018 அக்டோபரில் அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பச்சை இகுவானாவைக் கொல்ல ஆரம்பித்தது, பத்து லட்சம் இகுவானாவுக்கு மேல் கொன்றாயிற்று. அதே தீவில் நீல இகுவானா என்று இந்த மண்ணுக்கே உரிய ஒன்று இருக்கிறது, அதைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து, வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். ஆகவே இங்கே யாருக்கும் இகுவானா மேல் வெறுப்பில்லை.

கால்வாய்வாசி தங்கைக்கு ஒரு கேள்வி. உங்களிடம் பயம் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிறீர்கள். அது உங்களை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு பயத்தை விட்டதா, இல்லை மனுஷன் என்றாலே பயத்தை விட்டதா? ஃபுளோரிடாவில் இடத்துக்காரர் சம்மதம் இருந்தால், சித்திரவதை செய்யாமல், வருஷம் முழுக்க யாரும் கொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஏர்கன்னோடு நின்றாலும் உங்கள் ஆள் ஆறடியில் படுத்துக்கொண்டிருப்பார்.

கால்வாய்வாசி:
இதை நான் யோசிக்கவே இல்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை அக்கா.

பிடித்து எங்காவது எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் பக்கம் விட்டுவிடலாமா?

கீரைத்தோட்டம்:
கூடவே கூடாது. பிடித்ததை வேறு இடத்தில் விடுவது சட்டப்படி குற்றம். 2021 ஏப்ரலில் தடைசெய்யப்பட்ட பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள், புதிதாகச் செல்லப்பிராணியாகவும் வைத்துக்கொள்ள முடியாது. பிடிக்கிற ஆள் வந்தால் முடிவு ஒன்றுதான்.

குளிரில் மரத்திலிருந்து விழுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் காரில் ஏற்றிவிடாதீர்கள். ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், 2020 ஜனவரியில் மியாமி வானிலை அலுவலகமே தலைமேல் விழலாம் என்று எச்சரித்தது. காருக்குள் சூடேறி எழுந்தால் அப்புறம் உங்கள் பாடு.

சுவர்க்காரன்:
நான் கொல்லச் சொல்லவில்லையம்மா. பூவை நிறுத்துங்கள். படகுத்துறையைத் தொட்ட கையைக் கழுவுங்கள், அதன் எச்சத்தில் சால்மொனெல்லா என்கிற, வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கும். சுவரை ஒட்டி வெறுங்காலோடு நடந்து பாருங்கள், கால் அமுங்குகிற இடம் இருக்கிறதா என்று. வளையில் முட்டையோ குட்டியோ இல்லையென்றால் மூடிவிடுங்கள். அது வந்து வெயில் காய்வதை நீங்கள் தூரத்திலிருந்து பார்ப்பதில் எனக்கென்ன வழக்கு.

கால்வாய்வாசி:
இன்று காலை பூ வைக்கவில்லை. ஒன்பதே காலுக்கு வந்தார், தலையாட்டினார், தட்டு இருக்கிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுச் செம்பருத்தி வேலியில் ஏறிவிட்டார். அந்த வீட்டுக்காரர் பிடிக்கிற ஆளின் நம்பரை எனக்கும் அனுப்பியிருக்கிறார்.

சுவர்க்காரன்:
நடந்து பார்த்தீர்களா?

கால்வாய்வாசி:
பார்த்தேன் அண்ணா. இரண்டு ஓட்டை. ஒன்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது, மண் போட்டு மூடிவிட்டேன். இன்னொன்றின் வாயில் ஈரமண் புதிதாகக் குவிந்திருக்கிறது.