இரண்டாமிடத்தில் நின்ற பீற்றில்ஸ் தட்டு: தோல்வி என்று சொல்லலாமா?

உவர்மலைவாசி எழுதியது:
கடந்த சனிக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தொடங்கிய வாக்குவாதம், தேநீர் ஆறிய பின்னும் ஓயாததால் அதை இங்கே கொண்டுவருகிறேன். பீற்றில்ஸ் இசைக்குழுவினர் 1967 பெப்ரவரி 17 அன்று பிரித்தானியாவில் வெளியிட்ட, பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள தனித்தட்டின் ஒருபுறம் போல் மக்கார்ட்னியின் 'பென்னி லேன்', மறுபுறம் ஜோன் லெனனின் 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபோரெவர்'. இரண்டுமே முதற்பக்கம், அதாவது முதன்மைப் பாட்டு, என்ற அறிவிப்புடன்தான் தட்டு கடைக்கு வந்தது. 1963 இல் வந்த 'ஃப்ரொம் மீ டு யூ' தொடங்கி 11 தட்டுகள் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் வரிசையாக முதலிடம் பெற்ற குழு, இந்தத் தட்டில் இரண்டாமிடத்தைத் தாண்டவில்லை. முதலிடத்தை ஆறு வாரங்கள் விடாமல் பிடித்திருந்தது எங்கல்பேர்ட் ஹம்பர்டிங்க் பாடிய 'ரிலீஸ் மீ'. ஆர்னல்ட் ஜோர்ஜ் டோர்சி என்ற இயற்பெயர் கொண்ட அந்த மனிதர் 1936 இல் சென்னையில் பிறந்தவர் என்பதை, நமக்கு அண்டை ஊர்ப் பெருமையாக, போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

என் கட்சி எளிமையானது. தனித்தட்டு என்பது மக்கள் கையிலிருக்கும் காசைக் கேட்டு வருவது. அந்தக் காசு எங்கே போனதோ அதுவே தீர்ப்பு. ஆறு மாதம் காத்திருந்த இரசிகர்களுக்கு அந்தக் குழு கொடுத்தது கேட்டவுடன் வாயில் வராத பாட்டு. அவர்கள் திரும்பி நடந்ததில் என்ன பிழை?

நிலாவெளிக் காற்று எழுதியது:
உவர்மலை அண்ணை, காசுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் பிரித்தானியாவில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே பட்டியல் இருக்கவில்லை. பத்திரிகைக்கு ஒரு பட்டியல் இருந்தது. பிபிசி அவற்றைக் கூட்டிச் சராசரி பார்த்து வாசித்தது. பொதுப் பட்டியல் என்று ஒன்று வந்தது 1969 இல்தான். நீங்கள் சொல்லும் இரண்டாமிடம் 'ரெக்கோர்ட் ரீடெய்லர்' இதழின் கணக்கு. அதே தட்டை 'மெலடி மேக்கர்' முதலிடத்தில் வைத்தது. அமெரிக்காவிலோ இரண்டு பக்கங்களையும் தனித்தனியாக எண்ணினார்கள், அங்கே 'பென்னி லேன்' முதலிடம், லெனனின் பாட்டு எட்டாமிடம்.

மேலும், ஒரே தட்டில் இரண்டு முதற்பக்கம் வைத்ததே விற்பனைக்குக் குழிபறித்தது என்பது என் எண்ணம். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினே அந்த இணைப்பைத் தன் தொழில் வாழ்வின் மிகப்பெரிய தவறு என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டு பாட்டுகளையும் இரண்டு தட்டாக விட்டிருந்தால் இரண்டு முதலிடங்கள் கிடைத்திருக்கும்.

உவர்மலைவாசி எழுதியது:
தம்பி, இரட்டை முதற்பக்கம் என்ற சாக்கு இங்கே எடுபடாது. 1965 டிசம்பரில் 'டே ட்ரிப்பர்', 'வீ கேன் வேர்க் இட் அவுட்' இரண்டையும் இதே குழு இதே முறையில்தான் வெளியிட்டது, முதலிடம் வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 'யெலோ சப்மரீன்', 'எலினோர் ரிக்பி' இணையும் அப்படியே வந்து அப்படியே வென்றது. மூன்றாவது முறை மட்டும் அதே முறை குழிபறித்தது என்றால், பழி முறையில் இல்லை, பாட்டில் இருக்கிறது. ஜோர்ஜ் மார்ட்டின் வருந்தியது வேறு விடயம். அந்த இரு பாட்டுகளும் அதே ஆண்டு ஜூனில் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தொகுப்பில் சேராமற் போனதையும் சேர்த்தே அவர் வருந்தினார். தட்டில் விற்ற பாட்டைத் தொகுப்பிலும் போட்டு இரசிகனிடம் இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்ற வழக்கம் அவர்களிடம் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாட்டுகளுக்காக எடுத்த குறும்படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டபோது, அரங்கில் இருந்த இளையோரிடம் கருத்துக் கேட்டார்கள். சிலர் பாட்டை விட்டுவிட்டு குழுவினரின் மீசையைப் பற்றித்தான் பேசினார்கள்; பாட்டனார்களைப் போல இருக்கிறார்கள் என்றும் ஒரு கருத்து வந்தது. வரவேற்பு என்றால் இதுவும் வரவேற்புத்தானே?

திருக்கடலூர் ரீச்சர் எழுதியது:
மீசைக் கதையை நானும் பார்த்தேன், சிரித்தேன். ஆனால் பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இருவருமே தொடவில்லை. லெனனின் பாட்டு இரண்டு வெவ்வேறு பதிவுகளை ஒட்டிச் செய்தது. முதல் ஒரு நிமிடம் ஏழாவது பதிவு, அதன் பின் இருபத்தாறாவது பதிவு. இரண்டுக்கும் வேகமும் வேறு, சுருதியும் வேறு. லெனனுக்கு ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் பிடித்துவிட்டது, இரண்டையும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டுவிட்டார். ஒன்றைச் சற்று விரைவாக்கி மற்றதைத் தாழ்த்தியபோது இரண்டு சுருதியும் ஏறத்தாழ ஓரிடத்தில் வந்து நின்றன. பிள்ளைகளுக்குச் சுருதி சேர்க்கக் கற்பிக்கும் எனக்கு அந்த ஒட்டு இன்றைக்கும் காதில் இலேசாக உறுத்துகிறது. குரல் அந்த இடத்தில் கொஞ்சம் தடித்து, தூக்கத்தில் பேசுவது போல மாறுகிறது. அந்த மாற்றம் பாட்டுக்குப் பொருந்தியும் விடுகிறது.

அந்த இரண்டாம் பகுதியில் ஓடும் நரம்பொலி என்னவென்று எத்தனை பேர் கவனித்தீர்கள்? இந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் வைத்து மீட்டும் சுவர்மண்டலை ஜோர்ஜ் ஹரிசன் வாசித்திருக்கிறார். 'பென்னி லேன்' பாட்டில் உயர்ந்து கேட்கும் சிறு எக்காளம், தொலைக்காட்சியில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பிராண்டன்பேர்க் இசையைக் கேட்ட மக்கார்ட்னி விரும்பிச் சேர்த்தது. இவ்வளவையும் முதல் தரம் கேட்பவர் காது வாங்காது. உவர்மலைவாசி இதைக் குற்றமாகச் சொல்கிறார். எனக்கு அது வெளியீட்டு முறையின் குற்றமாகவே படுகிறது. தனித்தட்டாக விடும் பொருளா அது?

மனையாவெளிப் பெரியவர் எழுதியது:
பிள்ளைகளே, நான் அந்த ஆண்டு பதினைந்து வயதுப் பொடியன். இலங்கை வானொலி கூட்டுத்தாபனமானது 1967 ஜனவரி 5 இல். சில மாதம் கழித்து அதன் ஆங்கில சேவையில் லெனனின் இந்தப் பாட்டை நான் கேட்டேன். வீட்டில் வால்வு வானொலி, தென்னையில் கட்டிய அன்ரெனாக் கம்பி. இரவில் எங்கள் திருகோணமலை டச்சுக் குடாக் காற்று எழும்பினால் ஒலி மங்கும், பின் தானாக வரும். பாட்டு முடியும் இடத்தில் ஒலி தேய்ந்து போனது. காற்றுத்தான் என்று எண்ணி நான் முற்றத்துக்கு ஓடிக் கம்பியை அசைத்துக்கொண்டிருக்க, உள்ளே பாட்டு திரும்பவும் மெல்ல எழும்பி, முரசும் குழலும் தாறுமாறாக ஒலித்து, மறுபடி போய்விட்டது. நான் கம்பியைச் சரியாகப் பிடித்ததால்தான் வந்தது என்று பல காலம் நம்பியிருந்தேன். அது பாட்டிலேயே செய்த வித்தை என்று தெரிய எனக்கு இருபது ஆண்டு ஆயிற்று.

'ரிலீஸ் மீ' அப்படியில்லை. முதல் வரியிலேயே மனதில் ஒட்டியது. அதன் பின் எங்கள் பக்கத்துத் திருமண விருந்துகளில் அதைப் பாடாத மனிதரை நான் காணவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் 'உனக்குத் தெரியுமா' இசைத்தட்டை நாங்கள் கேட்டுத் திரிந்த காலத்தில், அது எந்தப் பட்டியலில் எத்தனையாம் இடம் என்று ஒருவரும் கேட்டதில்லை. பாட்டு ஊருக்குள் நடமாடியது; எங்களுக்கு அது போதுமாயிருந்தது.

நிலாவெளிக் காற்று எழுதியது:
ஐயா, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சிறுவனின் கதை ஒன்றே என் கட்சிக்குப் போதும். இரட்டை முதற்பக்கம் பற்றி நான் சொன்னதை மீளப் பெறுகிறேன். அண்ணை காட்டிய இரண்டு உதாரணங்களுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் 'திரும்பி நடந்தார்கள்' என்பதை ஏற்கமாட்டேன். இரண்டாமிடம் வரை விற்ற தட்டை மக்கள் கைவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? வாங்கியவர்களும் மிகப் பலர். 'ரிலீஸ் மீ' வாங்கியவர்களில் பெரும்பாலோர் பீற்றில்ஸ் தட்டை எக்காலத்திலும் வாங்கியிருக்க மாட்டார்கள். கடைக்கு அதிகம் வராத பெரியவர்கள் அந்த மாதம் அந்தப் பாட்டுக்காகவே வந்தார்கள் என்றுதான் நான் ஊகிக்கிறேன். அது ஒரு குழு தோற்ற கதையாக எனக்குத் தெரியவில்லை, இரண்டு கூட்டம் ஒரே வாசலில் முட்டிக்கொண்ட கதையாகத் தெரிகிறது.

உவர்மலைவாசி எழுதியது:
ஊகம் என்று நீயே சொல்லிவிட்டாய், ஆகவே விட்டுவிடுகிறேன். 'திரும்பி நடந்தார்கள்' என்ற சொல்லையும் திருத்துகிறேன்: தயங்கி நின்றார்கள். ரீச்சர் சொன்ன வெளியீட்டு முறைக் குற்றத்தையும் பாதிக்கு மேல் ஏற்கிறேன். 1966 ஆகஸ்ட் 29 இல் சான் பிரான்சிஸ்கோவில் கடைசியாகக் கட்டண மேடையேறிய பின் குழு கலைந்துவிட்டதோ என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கையில் இருந்ததை அவசரமாக விட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. ஒழுங்காகச் சமைந்து முடியாத தொகுப்பின் பானையிலிருந்து முதல் இரண்டு அகப்பையை எடுத்துப் பரிமாறினார்கள். ஆனாலும் பரிமாறப்பட்டதைத்தான் நான் ருசி பார்க்க முடியும்.

வரும் சனிக்கிழமை எல்லோரும் உவர்மலைக்கு வாருங்கள். இலண்டனிலிருந்து என் மாமா கொண்டுவந்த அந்தத் தட்டு, பார்லபோன் நிறுவன வெளியீடு, இலக்கம் ஆர் 5570, படம் போட்ட உறையோடு இருக்கிறது. உறையின் பின்புறம் நால்வரின் குழந்தைப்பருவப் படங்கள். லெனன் பக்கத்தில் முதல் நிமிடத்தை ஒட்டி ஒரு கீறல் இருப்பதால், ரீச்சர் தேடும் ஒட்டு கேட்குமா, ஊசி துள்ளுமா என்பதை அன்றுதான் பார்க்க வேண்டும். பெரியவர் ஐயா கம்பியைத் தொடத் தேவையில்லை. தட்டுகள் சுழலும் வரிசையில் முதலிடம் 'ரிலீஸ் மீ' பாட்டுக்கே. என் வீட்டுப் பட்டியல் இன்னும் மாறவில்லை.