சேதுக் கால்வாய்: அந்த 30 மணி நேரம் எந்தக் கப்பலுக்கு?

கணக்கன்: "கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போக நடுக்கடலைத் தோண்டும் சேதுக் கால்வாய் முடிந்திருந்தால் கப்பலுக்கு 30 மணி நேரம் மிச்சம், தூத்துக்குடி சிங்கப்பூர் ஆகியிருக்கும்" என்று நேற்று முத்துநகரான் எழுதியிருக்கிறார். எந்தக் கப்பலுக்கு அண்ணாச்சி? தூத்துக்குடியில் கிளம்பிச் சென்னை போகிறவனுக்குச் சரி. ஏமன் நாட்டு ஏடனிலிருந்து கொல்கத்தா போகிறவன் இலங்கைக்குத் தெற்கே நேராகப் போகிறான். அவன் வளைந்து வந்து, கால்வாயில் வழிகாட்டும் பைலட்டை ஏற்றி, வேகத்தைக் குறைத்துக் கால்வாயைக் கடந்தால் என்ன மிஞ்சும்?

முத்துநகரான்: 424 கடல் மைல், 30 மணி நேரம். அரசாங்கமே சொன்ன கணக்கு. சூயஸ் வெட்டும்போதும் உங்களை மாதிரி நாலு பேர் இருந்தார்கள்.

கணக்கன்: சூயஸ் மிச்சப்படுத்தியது ஆப்பிரிக்காவைச் சுற்றும் தூரம். இது இலங்கையை. மிச்சமாகும் எண்ணெய்க் காசுக்கு மேல் கட்டணம் கேட்டால் எவன் வருவான்? அதற்குக் கீழே கேட்டால் கால்வாய் வெட்டிய கடனுக்கு வட்டி தேறாது. திரும்பவும் கேட்கிறேன், எந்தக் கப்பலுக்கு 30 மணி?

பாம்பன்காற்று: மணியை விடுங்கள். 12 மீட்டர் ஆழத்தில் பெரிய கப்பல் நுழையவே முடியாது. அங்கே மணல் ஓயாமல் நகரும். வருஷா வருஷம் தூர்வாருகிற காசு யார் தருவது? எங்கள் ஆட்கள் வலையை எங்கே போடுவது?

முத்துநகரான்: 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கியபோது மதிப்பீடு 2,427 கோடி. சென்னை மெட்ரோ ரயிலுக்கு அதைவிடப் பல மடங்கு கொட்டியபோது கணக்கன் கைதட்டினார். தெற்கத்திக்காரன் கேட்டால் மட்டும் வட்டிக் கணக்கு!

கணக்கன்: மெட்ரோ விவாதத்தில் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? மத்திய அரசு அமைத்த பச்சௌரி நிபுணர் குழுவே பொருளாதார ரீதியில் இது தேறாது என்று சொல்லிவிட்டது.

முத்துநகரான்: முழுசாகப் படியுங்கள். அந்தக் குழு ஆராய்ந்தது தனுஷ்கோடி பக்கத்து மாற்று வழியை. 2007ல் உச்ச நீதிமன்றம் தடுத்த, ராமர் பாலத்தை வெட்டும் வழியை அல்ல. 2023 ஜனவரியில் சட்டமன்றமே திட்டத்தை நிறைவேற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. அவர்களை விடவா நீங்கள் விவரம்?

கணக்கன்: தீர்மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பல் வருமா? மாற்று வழியில் போனாலும் ஏடன் கப்பலுக்கு அதே கதைதான். ஒரே ஒரு கப்பலைக் காட்டுங்கள் அண்ணாச்சி, வெளிநாட்டிலிருந்து வந்து 30 மணி மிச்சம் பிடிக்கிற கப்பல்.

பாம்பன்காற்று: தூர்வாருகிற செலவைக் கேட்டேன். இருவருக்கும் காதே கேட்கவில்லை.

முத்துநகரான்: தம்பி, நீங்கள் போன மாதம் துறைமுக விரிவாக்கத்தையும் எதிர்த்தவர்தானே?

பாம்பன்காற்று: ஆமாம். அங்கேயும் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

கணக்கன்: எந்தக் கப்பல்?