கிட் களஞ்சியத்தில் ஒரே பெயரில் இரண்டு அடைவுகள், எப்படி இணைப்பது?

வணக்கம். சிங்கப்பூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கான தமிழ் எழுத்து விளையாட்டு ஒன்றை உருவாக்குகிறோம். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்குள் முடிக்க வேண்டும். மூன்று வாரமாக அதன் கிட் களஞ்சியம் (கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் கிட் மென்பொருள் சேர்த்துவைக்கும் இடம்) படுத்துகிறது.

'கோலங்கள்' என்ற அடைவு (ஃபோல்டர்) உபுண்டு 22.04 லினக்ஸ் இயங்குதளத்தில் இரண்டாகத் தெரிகிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: ஒன்றில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே யூனிகோடு குறியீடு, மற்றதில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். முதலாவதில் 41 படங்கள், இரண்டாவதில் 17. என் மேக்புக்கில் (எம்1, சொனோமா, கிட் 2.39) ஒரே அடைவுதான் தெரிகிறது. எதையும் தொடாமலே கோப்புகள் மாறிவிட்டதாக கிட் சொல்கிறது.

மேக்கில் பெயரை மாற்றினேன், பயனில்லை. பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் கிட்டின் பிரிகம்போஸ் யூனிகோடு (core.precomposeunicode) அமைப்பை இயக்கினேன், களஞ்சியத்தைப் புதிதாக குளோன் செய்தேன் (முழுதாக நகலெடுத்தேன்), அதே கதைதான். உபுண்டுவில் ஒன்றை அழித்துவிட்டு மற்றதில் நகலெடுத்துப் போடலாம். ஆனால் எந்தப் படத்தை யார் எப்போது சேர்த்தார்கள் என்ற வரலாறு எங்களுக்கு முக்கியம். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை கையால் வரைந்தது.

அந்த வரலாறு அறுந்துபோகாமல் 17 படங்களையும் முதல் அடைவுக்குள் கொண்டுவர, உபுண்டுவில் எந்தக் கட்டளைகளை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும்?